இயற்கை வளப் பாதுகாப்புப் படிப்பு: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல், வனவிலங்கு உயிரியல், இயற்கை வள மேலாண்மை என்று பல பெயர்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய மாறுவதில்லை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் கலந்தே இருக்கும்.

இயற்கை வளப் பாதுகாப்பு என்றால் மரம் நடுவதுதானே? அதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு?

மரம் நடுவதற்குப் பட்டம் தேவையில்லைதான். நீர், மண், காடு, மீன், கனிமம், மேய்ச்சல் நிலம் ஆகியவை எவ்வளவு இருக்கின்றன, எவ்வளவு வேகமாகக் குறைகின்றன, யார் எடுக்கிறார்கள், யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று அளந்து சொல்வதுதான் இந்தப் படிப்பின் வேலை. பாதி அறிவியல். மீதி சட்டம், பொருளாதாரம், மனிதர்கள்.

எங்கே மரம் நடக் கூடாது என்று சொல்வதற்கும் படித்திருக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் வல்லநாட்டுக் குன்று இருக்கிறது. 1987-ல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான் முள்புதரும் திறந்த புல்வெளியும் கலந்த இடத்தில் வாழும் விலங்கு. தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்து, ஓடித் தப்பிக்கும். அந்தக் குன்றை அடர்ந்த காடாக்கிவிட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். மானுக்கு இடம் இருக்காது.

பிளஸ் டூ முடித்ததும் நேரடியாகச் சுற்றுச்சூழல் அறிவியலில் சேரட்டுமா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: இளநிலையில் ஒரு மூல அறிவியலைப் படியுங்கள், பாதுகாப்பை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல், புள்ளியியல் எதுவானாலும் சரி. இதற்கு விதிவிலக்கு வனவியல், வேளாண்மை, மீன்வளம் போன்ற நான்காண்டுத் தொழிற்படிப்புகள். அவை தம்மளவில் முழுமையானவை.

காரணம் இரண்டு. முதலாவது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போகும் பட்டம் கையில் இருந்தால், களத்தில் 'இந்தச் செடி என்ன?' என்று கேட்கும்போதும் 'இந்த நீரில் என்ன கலந்திருக்கிறது?' என்று கேட்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஏதாவது ஒன்றிலாவது கேள்விக்கு நீங்கள் பதில் சொல்பவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வயிற்றுப்பாடு. இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதியைப் பாருங்கள். கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. காட்டு அதிகாரியாக வேண்டும் என்ற கனவோடு அந்தப் பட்டத்தில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர்களைவிட அவர்களைச் சேர்த்துவிட்டவர்கள் மேல்தான் கோபம் வருகிறது. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகும் எண்ணம் இருந்தாலும் தாவரவியல், விலங்கியல், வேதியியல் வழிதான் உங்களுக்குப் பயன்படும்.

அப்படியானால் ஊருக்குப் பக்கத்தில் எங்கே சேரலாம்?

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தூய சவேரியார், தூய யோவான், சதக்கத்துல்லா அப்பா, பெண்களுக்கு சாராள் தக்கர் என்று வரிசையாக இருக்கின்றன. பேட்டையில் மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி இருக்கிறது. சவேரியார் கல்லூரியின் தாவரவியல் துறை மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை ஆராய்ந்த வகையில் பெயர் பெற்றது. அங்கே உலர்தாவரத் தொகுப்பும் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடந்த வருடம் மாணவர்களைக் களத்துக்கு எங்கே கூட்டிப்போனீர்கள்?' பதில் வரத் தாமதமானால் யோசியுங்கள்.

முதுநிலைக்கு நம் வாசலிலேயே ஓர் இடம் இருக்கிறது. 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அபிஷேகப்பட்டியில் இருந்தாலும், அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை, பக்கத்தில் கடனா நதி, சுற்றி வயல்களும் குளங்களும். சுற்றுச்சூழல் படிக்க இதைவிடப் பொருத்தமான இடத்தில் ஒரு வகுப்பறையைக் கட்ட முடியாது. ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது, சென்னையில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே போக விரும்புகிறவர்களுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வனவிலங்கு முதுநிலைப் படிப்பு, டேராடூனில் 1982-ல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. கடைசி இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு முன்பே ஆயத்தமாக வேண்டும்.

வனவியலுக்கு நீட் எழுத வேண்டுமா?

வேண்டாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தொழிற்படிப்புகளில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மாநில வனத்துறையின் சில பதவிகளில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரும் விதியும் உண்டு. காட்டு இலாகாதான் குறிக்கோள் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு இதுவே நேர்வழி.

கணக்குப் பிடிக்காமல்தான் உயிரியல் எடுத்தேன். இங்கேயும் கணக்கா?

இங்கேயும் கணக்குதான். ஒரு குளத்தில் எத்தனை கெண்டை இருக்கிறது என்று தண்ணீரை வடிக்காமல் சொல்ல முடியுமா? 100 மீன்களைப் பிடித்து, துடுப்பில் சிறு அடையாளம் இட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து மறுபடி வலை வீசினால் 50 மீன் வருகிறது. அதில் 10 மீனில் அடையாளம் இருக்கிறது. அதாவது பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் அடையாளமிட்ட 100 மீனும் குளத்து மீனில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 500.

புலிக் கணக்கெடுப்பும் இதே தர்க்கத்தின் வளர்ந்த வடிவம்தான். புலியைப் பிடித்து அடையாளமிட வேண்டியதில்லை. அதன் கோடுகளே அடையாளம். ஆனால் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே பாதையின் இரு புறமும் எதிரெதிரே தானியங்கிக் கேமரா கட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் ஒரே புலியை இரண்டு புலியாக எண்ணிவிடுவீர்கள். கணக்கை இப்படிக் காட்டியபின் 'பிடிக்காது' என்று சொன்ன பிள்ளைகள் குறைவு. புள்ளியியலைப் பயந்து ஒதுக்கியவர்களுக்கு முதுநிலையில் இரண்டாம் பருவத்திலேயே மூச்சு வாங்கும்.

ஆய்வகத்தில் என்னதான் செய்வார்கள்?

ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். மற்றவற்றை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஆற்று நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்ப்பது. மீன் உயிர்வாழ்வது அதை நம்பித்தான்.

கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி பாட்டிலை நீருக்குள் மெல்லச் சாய்த்து நிரப்ப வேண்டும். ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் வீண். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்துவிடும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட வேண்டும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம் என்று இருந்தால் வழியிலேயே பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூடியைப் போட்டுக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால், ஆக்சிஜன் நிறைந்த நீரில் தேங்காய் நார் நிறத்தில் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். தாமிரபரணியில் பாபநாசத்துக்கு மேலே எடுத்த பாட்டிலையும், நகரச் சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பிறகு அமிலம் விட்டு, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் குறிக்க வேண்டும்.

குளிப்பதற்குத் தகுந்த நீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல் அது. தாமிரபரணி தூய்மையாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று இரு தரப்பும் மேடையில் பேசலாம். எந்தப் படித்துறையில், எந்த மாதத்தில், எவ்வளவு என்று சொல்பவர் சொல்லைத்தான் நீதிமன்றம் கேட்கும்.

நான் விவசாயி. குளமும் கால்வாயும் நாங்கள் காத்ததுதான். எங்களுக்குத் தெரியாத எதை என் மகனுக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள்?

அண்ணாச்சி, நியாயமான கேள்வி. கார் நெல் எப்போது, பிசான நெல் எப்போது, எந்த மடையை எத்தனை நாள் திறப்பது, கலிங்கு வழிந்தால் அடுத்த குளத்துக்கு எவ்வளவு போகும் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் அறிவு. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் இருக்கும் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் குளங்களும் எந்தப் பல்கலைக்கழகமும் வரைந்து கொடுத்தவை அல்ல. மகன் அதை உங்களிடம்தான் கற்க வேண்டும். கற்காமல் பட்டம் வாங்கினால் அது அரைப் படிப்பு.

ஆனால் உங்கள் குளத்து எல்லைக்கு வெளியே இருக்கும் கணக்கு ஒன்று உண்டு. கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து, வீட்டு முற்றத்து மரத்தில்கூடக் கூடு கட்டும். இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து வரும். 1994-ல் சரணாலயம் ஆனது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இவ்வளவும் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

அதிகம் பேசப்படாதது, அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. அது மழை குறைந்த நாட்டுப்புறம். மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் நீரை எதிர்பார்த்திருக்கிறது. அணை நிரம்பி, பிரதான கால்வாயின் 'ரீச்' எனப்படும் பகுதிகளுக்குத் தண்ணீர் பிரித்து விடுவதற்கு முறை இருக்கிறது. மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சண்டை இருக்கிறது. நீர் தாமதமாக வந்தால் கூடு கட்டுவதும் தாமதமாகும். குஞ்சு பறக்கும் முன் குளம் வற்றினால் தாய்ப்பறவைக்கு இரை கிடைக்காது. ஆக, பறவையைக் காப்பது நீர்வளத்துறையின் மதகுச் சாவியோடும் அணை நீர்மட்டத்தோடும் மாஞ்சோலை மலையில் பெய்யும் மழையோடும் கட்டப்பட்டிருக்கிறது. நாலுமுக்கு, ஊத்து பகுதிகளில் கொட்டும் மழையில் கூந்தன்குளத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது, எந்த வாரத்தில் சேர வேண்டும், அதனால் எந்த வயலுக்கு எத்தனை நாள் குறையும் என்று எழுதிக் காட்டுவது உங்கள் மகனின் வேலையாக இருக்கும். உங்கள் அனுபவமும் அவன் கணக்கும் சேர்ந்து போனால்தான் அதிகாரி மேசையில் அந்தக் காகிதத்துக்கு எடை.

பாதுகாப்பு என்று சொல்லிக் காட்டில் இருப்பவர்களை வெளியேற்றத்தானே இந்தப் படிப்பு?

இப்படிக் கேட்ட பெண் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒப்புக்காகப் பதில் சொல்ல முடியாத கேள்வி.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை நிலம் அது. குத்தகை 2028-ல் முடிவதாக இருந்தது. அதற்கு முன்னரே 2024-ல் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டது. மலையிலேயே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. நிலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தோடு சேர்வது காட்டுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிங்கவால் குரங்கு மரம் விட்டு மரம் தாவிப் போகும் விலங்கு. இடையில் தேயிலை வந்தால் அதன் வழி அறுந்துபோகும். ஆனால் காடு பெற்றது எவ்வளவு என்று எழுதும் அறிக்கையில் தொழிலாளி இழந்தது எவ்வளவு என்ற பக்கமும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதாத ஆய்வை நான் முழுமையானது என்று ஏற்க மாட்டேன்.

காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் நிலை வேறு. 1988-ல் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களை இணைத்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அமைவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்தையும் 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் வரி விடாமல் படித்துவிட்டு, 2006-ன் சட்டத்தை ஒரு மதிப்பெண் கேள்வியாக ஒதுக்கும் பாடத்திட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு எங்கள் குடும்பம் பரம்பரையாகப் போகிறது. அதையும் தடுப்பீர்களா?

யாரும் தடுக்கச் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் காப்பகத்துக்குள் பெருங்கூட்டம் குடில் போட்டுத் தங்குகிறது. தங்கும் நாட்களுக்கும் தனியார் வாகனங்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவைக்கிறார்கள். இவை பக்திக்குக் குறுக்கே வருவதாக எனக்குத் தெரியவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. செயற்கை நூல் சேலை மக்காது. கல்லில் சுற்றிக்கொண்டு, மண் பிடித்து, ஆற்றடியில் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. எந்த முன்னோருக்கும் அதனால் நற்கதி கிடைத்திருக்காது.

பெண் பிள்ளையைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம் அம்மா. இன்று இந்த வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பது சாதாரணம். காட்டில் ஆய்வுக்குப் போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. வேட்டைத் தடுப்புக் காவலரோ உள்ளூர்க் களப்பணியாளரோ கூடவே இருப்பார். இந்திய வனப்பணித் தேர்வில் பெண்களுக்கான நடைத் தேர்வு 14 கிலோமீட்டரை 4 மணி நேரத்துக்குள் கடப்பது. ஆண்களுக்கு 25 கிலோமீட்டர்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி யானையைப் பற்றியது அல்ல. களமுகாமில் கழிவறை இருக்கிறதா, திட்டத் தலைவர் எப்படிப்பட்டவர், புகார் சொல்லக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா? செலவு எப்படி?

முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் களத்தில் நிலைமை தலைகீழ். நகரத்துப் பிள்ளை நூலைப் புரட்டித் தேடும் செடியை நீங்கள் ஆவாரை, விடத்தலை, உடை என்று பார்த்ததும் சொல்வீர்கள். உள்ளூர்ப் பெயருக்குப் பக்கத்தில் அறிவியல் பெயரை எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பாதி ஆங்கிலத்தைக் கற்றுத்தந்துவிடும்.

அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் கட்டணம் பெரிய சுமை அல்ல. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ₹1,000 கிடைக்கிறது. அது களப் பயணத்துக்குப் பஸ் டிக்கெட்டாகும்.

வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

கிடைக்கும், ஆனால் உடனே நிரந்தரமாகக் கிடைக்காது. வனத்துறைப் பதவிகள் போட்டித் தேர்வு வழி. வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளுக்கும் இப்போது தேர்வாணையத்தின் குரூப் 4 வழியாக ஆள் எடுக்கிறார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் ஆக வேண்டுமானால் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்; அதில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

தொண்டு நிறுவனங்களிலும் ஆராய்ச்சித் திட்டங்களிலும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். தனியாரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், ஆலைகளின் கழிவுநீர்ப் பிரிவுகள், காற்றாலை, சூரிய மின் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. சம்பளம் மென்பொருள் நிறுவனத்துப் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடும்படி இருக்காது. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பம் இதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

ஒரு யோசனை: வரைபடம் தயாரிக்கும் ஜிஐஎஸ் மென்பொருளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்திலிருந்து ஒரு குளத்தின் பரப்பு எப்படிச் சுருங்கியது என்று காட்டத் தெரிந்தவர் வேலையில்லாமல் இருப்பது அபூர்வம்.

கடல் பிடிக்கும் என்றால்?

தூத்துக்குடிக்குப் போங்கள். 1977-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி அங்கே இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புற்களும் அந்தக் கரையில்தான். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. மலையில் படிப்பைத் தொடங்கியவர் அங்கே போய் முடிப்பதும் பொருத்தம்தான்.

படிக்கும்போதே என்ன செய்யலாம்? காட்டுக்குள் நண்பர்களோடு போய்ப் பார்க்கலாமா?

அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் போவது குற்றம். ஆய்வுக்காக நுழையவும் வனவிலங்குச் சட்டப்படி முறையான அனுமதி வாங்க வேண்டும். யானையைப் படமெடுத்துப் பகிர்ந்து வழக்கு வாங்கிய பிள்ளைக்கு வனத்துறையில் யார் வேலை தருவார்கள்?

காட்டுக்குப் போகாமலே செய்ய நிறைய இருக்கிறது. மணிமுத்தாறில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தை மாதத்தை ஒட்டித் தன்னார்வலர்கள் குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போகிறார்கள். நயினார்குளமும் வேய்ந்தான்குளமும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. விடியற்காலையில் கரையில் நின்று, முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று எண்ணி, இபேர்ட் செயலியில் பதிந்தால் அது உலகத் தரவில் சேரும். ஆகாயத்தாமரை எந்த மாதத்தில் எவ்வளவு பரவுகிறது என்று ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்தாலும் பயன்தான்.

அட்டை கடிக்குமாமே?

கடிக்கும். வலிக்காது, அரிக்கும். முழங்கால் வரை அட்டையுறை போடுங்கள். பிய்த்து எடுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

எங்கள் ஊர் திசையன்விளை. மலையும் இல்லை, ஆறும் இல்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

நெல்லையில் ஐந்து திணையும் இருக்கிறது என்று மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆனால் பேசுபவர் எவரும் உங்கள் ஊர்ப் பக்கம் வந்து நின்று பேசுவதில்லை. ஆய்வுக்கு மலையைவிட உங்கள் ஊரில்தான் இன்னும் யாரும் எடுக்காத கேள்விகள் அதிகம்.

தேரிக்காட்டுச் செம்மணல் காற்று கொண்டுவந்து கொட்டியது. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அதை இன்னும் நகர்த்துகிறது. பனையும் முந்திரியும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பனை ஏற ஆள் இருக்கிறதா, ஒரு மரத்திலிருந்து ஒரு பருவத்தில் எவ்வளவு பதநீர் என்று ஊர்வாரியாக எழுதியவர்கள் எத்தனை பேர்? கடற்கரைக் கிணறுகள் உவர்ப்பாகிக்கொண்டு வருகின்றன. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தில் கடல்நீர் உள்ளே வருகிறது.

உங்கள் முதுநிலை ஆய்வுக்கு நானே ஒரு தலைப்புத் தருகிறேன். தாமிரபரணி வெள்ள உபரி நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்து, கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைத்து, உங்கள் ஊரை ஒட்டிய எம்.எல். தேரி வரை கொண்டுவர 2009-ல் கால்வாய் வேலை தொடங்கினார்கள். நீளம் சுமார் 75 கிலோமீட்டர். கால்வாய்க்கு அருகில் பத்துக் கிணறு, தள்ளிப் பத்துக் கிணறு எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளங்கள். மின்கடத்துதிறன் மானியால் உப்பளவைப் பாருங்கள். கால்வாயில் தண்ணீர் வந்த நாட்களைத் தனியே குறியுங்கள். இரண்டு மழைக்காலம் தாண்ட வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் அளக்காதீர்கள். நீர்மட்டம் இறங்கிக் காட்டும். கிணற்றுக்காரர்களிடம் முதலிலேயே பேசி, அளவை அவர்களுக்கும் மாதாமாதம் எழுதிக் கொடுங்கள்.